வக்கீல் இல்லாத சாமி

சேலத்தில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் இப்போது புரூப் திருத்தும் லலிதா என்ற பெண் போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள். கையில் அந்த மாதத்து மர்ம நாவல். அட்டையில் தலையை விரித்துப் போட்ட ஒரு பெண், நெற்றி நிறையக் குங்குமம், கையில் சூலம், காலடியில் கோட்டு போட்ட ஒருவன் செத்துக் கிடக்கிறான். "உங்க காலத்துலயும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டாள். எங்கள் காலத்தில் சூலம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. இதையே படித்துப் படித்துக் கோயிலில் தனியாக நிற்கும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் சந்தேகம் வருகிறது, இந்த வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றாள். அவளுக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது வெள்ளைக்காரன் காலத்தில். எட்டாவது வரை படித்திருந்தேன். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே என் கணவர் விஷ ஜுரத்தில் போய்விட்டார். அண்ணன் கோவிந்தன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அண்ணன் அந்த அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். முதலாளி சிங்காரவேலு ஒருநாள் அவனிடம், பிழை பார்க்க ஆண்களை வைத்தால் கதையில் மூழ்கிப் பிழையை விட்டுவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டாராம். என் தங்கை எதிலும் மூழ்கமாட்டாள் என்று அண்ணன் உத்தரவாதம் கொடுத்திருக்கிறான். எங்கே வல்லினம் மிகும், எங்கே மிகாது என்பதை ஒரு மழைக்காலத்தில் கற்றுக்கொண்டேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

எங்கள் மாத இதழில் வந்ததெல்லாம் துப்பறியும் நாவல்கள். அவற்றில் விதவைகளுக்கு இரண்டே வேலை. பாலில் விஷம் கலப்பார்கள். இல்லாவிட்டால் கடைசி அத்தியாயத்தில் மனம் திருந்திக் கிணற்றில் விழுவார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டவள் நான். வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்துகொண்டு, "வெள்ளைப் புடவைக்குள் ஒளிந்த விஷநாகம்" என்ற வரியில் விஷநாகத்தைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று யோசித்திருக்கிறேன். சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

முதலாளியைப் பற்றிக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆண்கள் மத்தியில் நான் கூச்சப்படக் கூடாது என்று ஜன்னலோரம் தட்டி மறைத்துத் தனி மேஜை போட்டுக் கொடுத்தார். "செண்பகம்மா" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். பெரிய பக்தர். இதழின் முதல் பிரதியைத் தெருமுனை மாரியம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் கட்டுகள் தபாலுக்குப் போகும். உள்ளே எந்த அம்மன் எத்தனை பேர் ரத்தம் குடித்திருந்தாலும் மாரியம்மன் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதியை அவர் நின்றுகொண்டேதான் படிப்பார். ஒரு கையில் மூக்குப்பொடி மட்டை, இன்னொரு கையில் சிவப்புப் பென்சில். எழுதிவைக்காத சில சட்டங்கள் அவரிடம் இருந்தன. சாமியார் வரலாம், ஆனால் மூன்றாம் அத்தியாயத்துக்குள் யாராவது இழுத்தால் ஜடை கையோடு வந்துவிட வேண்டும். கோயிலில் கொலை நடக்கலாம். ஆனால் பெரிய கோயில் எதையும் தொடக் கூடாது. பெரிய கோயிலுக்குத் தர்மகர்த்தா உண்டு, தர்மகர்த்தாவுக்கு வக்கீல் உண்டு. "சின்னச் சாமியாப் பாத்து எடுத்துக்குங்க. காட்டுக்குள்ள இருக்கற அம்மன்னா ரொம்ப நல்லது. அதுக்கு வக்கீல் கிடையாது" என்பார். பெண்கள் விஷயத்திலும் இதே நியாயம்தான். கதாநாயகி சந்தாதாரர் வீட்டுப் பெண் மாதிரி இருக்க வேண்டும். அவள் அழலாம், மயங்கி விழலாம், துப்பறிபவர் வந்து தண்ணீர் தெளிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. கொலைகாரி மட்டும் சந்தா கட்டாத இனமாக இருக்க வேண்டும்: தாசி, குறத்தி, பூசாரிச்சி, விதவை. விதவைகள் சந்தா கட்டுவதில்லை என்பது அவர் எண்ணம். பல வீடுகளில் எங்கள் இதழை வரிவிடாமல் படித்தவர்களே அவர்கள்தான் என்று எனக்குத் தெரியும். சந்தா வேறு பெயரில் இருக்கும்.

வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கு அது வேண்டும். எங்களிடம் ஈய எழுத்துகள் போதுமான அளவு இல்லை. பதினாறு பக்கம் கோத்து, அச்சிட்டு, உடனே அதைப் பிரித்து எழுத்துகளை எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டால்தான் அடுத்த பதினாறு பக்கம் கோக்க முடியும். அச்சாகிப் பிரிந்த பக்கத்தை மாற்ற வழியே கிடையாது. பெரிய நாவல் என்றால் முதல் பாகம் ஒரு மாதம், இரண்டாம் பாகம் அடுத்த மாதம். ஒருத்தியை முதல் பாகத்தில் கொலைகாரி ஆக்கிவிட்டால் மாதம் முழுக்க அவள் கொலைகாரிதான்.

எங்கள் இதழில் அதிகம் விற்றவர் மர்மநேசன். உண்மைப் பெயர் வரதராஜன், சர்வே ஆபீசில் குமாஸ்தா. பரம சாது. தெருவில் நாய் குறுக்கே வந்தால்கூட நின்று வழி விடுவார். மாதம் தவறாமல் நாலைந்து கொலை செய்வார். அந்த வருஷம் அவர் கொண்டுவந்த நாவலுக்குப் பெயர் 'பூசாரிச்சி பொன்னாயி அல்லது மலையில் மறைந்த மைனர்'. கொல்லிமலைக் காட்டில் ஓர் அம்மன் கோயில். அதன் பூசாரிச்சி பொன்னாயி, வயது பதினெட்டு, கண்ணாலேயே ஆளை மயக்குகிறவள். வழிதவறி வரும் ஆண்களை அம்மனுக்குப் பலி கொடுப்பது அவள் குலவழக்கம். கீழ்நாட்டு ஜமீன் மைனர் ஒருவர் வேட்டைக்கு வந்து காணாமல் போகிறார். முதல் பாகத்தின் கடைசி வரியில் பொன்னாயி அவர் கழுத்துக்கு மேலே அரிவாளை ஓங்கி நிற்கிறாள். முதலாளி சிவப்புப் பென்சிலே வைக்கவில்லை. வக்கீல் இல்லாத சாமியும் சந்தா கட்டாத பெண்ணும் ஒரே இடத்தில் கிடைத்திருந்தார்கள்.

முதல் பாகம் நன்றாக விற்றது. இரண்டாம் பாகத்தைக் கோக்க ஆரம்பிக்க வேண்டிய வாரத்தில், ஒரு காலை வேளை, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி அச்சகத்துக்கு வந்தாள். செங்காவிச் சேலை, கை நிறையக் கண்ணாடி வளையல், இடுப்பில் செருகிய அரிவாள். மலைக்காரர்கள் வெளியே கிளம்பினால் அரிவாள் இல்லாமல் கிளம்புவதில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரியும். பெயர் என்ன என்று வாசலில் கேட்டிருக்கிறார்கள். கொல்லிமலைப் பொன்னாயி என்றிருக்கிறாள். எழுத்துக் கோப்பவர்கள் அத்தனை பேர் கையும் அப்படியே நின்றது.

முதலாளி முன்னால் நின்று அவள் கேட்டது ஒன்றுதான்.

"நான் எந்த மைனரைக் கொன்னேனுங்க?"

நடந்தது இது. செம்மேட்டுச் சந்தைக்கு வாராவாரம் கீழிருந்து ஓர் உப்பு வியாபாரி போவார். வியாபாரம் முடிந்ததும் எங்கள் இதழை உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். படித்தால் கூட்டம் நிற்கிறது, நின்ற கூட்டம் உப்பு வாங்குகிறது. பொன்னாயி மலையில் ஒரு சின்ன அம்மன் கோயிலுக்கு உண்மையிலேயே பூசை செய்கிறவள். கதை அவள் ஊர் வரைக்கும் போய்விட்டது. அவள் மகளுக்கு வாசலூர்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் பேசி முடித்திருந்த கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

எல்லாம் கற்பனை என்று முதலாளி விளக்கினார். பெயர் பொருந்தியது தற்செயல் என்றார். அதை மலைக்கு வந்து சொல்லுங்க என்றாள் அவள். அடுத்த இதழில் கடைசிப் பக்கத்தில், கதையில் வருபவர்கள் எவரும் உண்மையானவர்கள் அல்லர் என்று ஓர் அறிவிப்புப் போடுகிறேன் என்றார். உப்புக்காரர் அதையெல்லாம் படிக்கமாட்டார், கதையைத்தான் படிப்பார் என்றாள். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. பார்க்கலாம், போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார்.

அவள் போகவில்லை. காகிதக் கட்டு இறக்கும் தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து களி உருண்டையை எடுத்துத் தின்றாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாபம் விடவில்லை. ஆனால் அவளை எழுத்தெழுத்தாகக் கோத்த ஆட்கள் உள்ளே இருந்தார்களே. பதினேழாம் பக்கத்தில் அவள் பார்த்த பார்வையில் காவல்காரன் கல்லாய் நின்றதை என் அண்ணன்தான் கோத்தான். அவன் அன்று மேஜையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. மத்தியானம் அச்சு யந்திரத்தின் வார் அறுந்தது. அது வாரம் ஒருமுறை அறுகிற வார்தான். ஆனால் யந்திரக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அந்தம்மா மனம் குளிராமல் இனிமேல் ஓட்டமாட்டேன் என்றார். ஃபோர்மன் யந்திரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். புத்தகத்தில் இருப்பதெல்லாம் கட்டுக்கதை என்று அவர்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் இருக்க முடியும்? ஒருவர்கூட எழுத்தைத் தொடவில்லை.

எந்தச் சின்னச் சாமிக்கும் பயப்படாத முதலாளி வேலை நின்றதற்குப் பயந்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். இரண்டாம் பாகத்தில் கதையை எப்படித் திருப்பினால் மாப்பிள்ளை வீட்டார் சமாதானமாவார்கள் என்று போய் விசாரித்துவர வேண்டும். எழுதியவரே போகட்டும் என்றேன். வரதராஜனுக்கு மலைக் காய்ச்சல் என்றால் பயம் என்று ஆபீசிலிருந்து ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டாராம். பெண் விஷயம், பெண் போவதுதான் சரி என்றார் முதலாளி. துணைக்கு அண்ணன் வந்தான். வரும்போதே கற்பூரம் வாங்கிக்கொண்டான்.

பஸ், மாட்டு வண்டி எல்லாம் ஏறி இறங்கிக் காரவள்ளியிலிருந்து நடந்தோம். கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதை. நான் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தேன். பொன்னாயி சலிக்காமல் நின்று, "மெதுவா வாங்க அம்மிணி, மலை எங்கயும் போயிராது" என்பாள். பேச்சு புத்தகத்தின் பக்கம் போனது. உப்புக்காரரைப் படிக்கச் சொல்லி அவளே மறுபடி மறுபடி கேட்டிருக்கிறாள். கொலை செய்ததாக எழுதியதை விட வேறு சில விஷயங்கள் அவளுக்கு அதிகக் கோபம் மூட்டியிருந்தன. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அரிவாளை வீசினால் முடி மாட்டிக்கொள்ளாதா என்று கேட்டாள். அவர்கள் அம்மன் கோழியே வருஷத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறாள், அதையும் சமைத்து ஊரே தின்கிறது, மைனரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றாள். மயங்கி விழும் கதாநாயகியைப் பற்றி அவளுக்கு உண்மையான கவலை இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏதோ சீக்கு இருக்க வேண்டும், யாரும் வைத்தியம் பார்க்காமல் முகத்தில் தண்ணீரையே தெளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். வயது பதினெட்டு என்று போட்டிருந்ததை மட்டும் அவள் குறையாகச் சொல்லவில்லை.

கோயில் பூசை உங்கள் வீட்டுக்காரருடையதா என்று கேட்டேன். அவர் செத்து வெகு காலம் ஆகிவிட்டது, பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நான் அவள் வளையல்களைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறினேன்.

பாதி மலையில் அவள் இன்னொன்றும் சொன்னாள். இரண்டு மழைக்கு முன்னால் மலையை அளக்க வந்த கூட்டத்தில் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல். மற்றவர்கள் அவரை அவள் வீட்டில் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். சாமைக் கஞ்சியும் மிளகுக் கஷாயமும் கொடுத்து, ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து தேற்றி அனுப்பியிருக்கிறாள். "தங்கமான மனுசனுங்க. பிதற்றும்போதுகூட மரியாதையாத்தான் பிதற்றுவாரு. கெழவி பேரு, கோழி பேருன்னு எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு எழுதிக்குவாரு" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. நாய்க்கு வழி விடுகிற அந்த மனிதரைத் தவிர அது வேறு யாராகவும் இருக்க முடியாது. அவளுக்கு அது இன்னும் தெரியவில்லை. புத்தகத்தில் அச்சாகியிருந்தது மர்மநேசன் என்ற பெயர்தானே.

அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கோயில் முன்னால் கீழ்நாட்டுக்காரர் ஒருவர் சேவலோடு காத்திருந்தார். தன்னோடு கூட்டு வியாபாரம் செய்கிறவன் கை கால் விளங்காமல் போக வேண்டும், அம்மா கொஞ்சம் மனம் வைக்க வேண்டும் என்றார். புத்தகம் படித்துவிட்டு வந்தவர். பொன்னாயி அவரைத் திட்டித் துரத்தினாள். திட்டுவதும் பூசையில் சேர்த்தி என்று நினைத்து அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சேவலை விட்டுவிட்டுத்தான் போனார். இப்போதெல்லாம் இப்படி நாலைந்து பேர் வருகிறார்களாம். என் அண்ணன் கற்பூரத்தை ஏற்றிவிட்டு, வேண்டுதல் எதையும் சொல்லாமல் தள்ளி நின்றுகொண்டான்.

மறுநாள் மாப்பிள்ளையின் தாய் நல்லம்மாளைப் பார்க்கப் போனோம். கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பொன்னாயியைக் கண்டதும் எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிறு வயதிலிருந்து ஒன்றாகக் களை எடுத்தவர்கள். நான் அச்சகத்திலிருந்து வருகிறேன், புத்தகத்தில் இருப்பது அத்தனையும் பொய் என்று சொன்னேன்.

"பொய்யின்னு எனக்குத் தெரியாதுங்களா? இவளைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லோணுமா?" என்றாள் நல்லம்மாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க அங்க என்ன வேலை பாக்கறீங்க அம்மிணி?"

அச்சாகும் முன்பு படித்துப் பிழை திருத்துகிறேன் என்றேன்.

"அப்ப இதையும் படிச்சீங்களா?"

படித்தேன் என்றேன்.

"பிழை ஒண்ணும் தட்டுப்படலீங்களா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் எழுத்துப் பிழையை மட்டும்தான் பார்ப்பேன் என்றேன்.

அவள் பயம் வேறு. அவளுக்கு எல்லாம் தெரியும்; ஆனால் சந்தைக்குத் தெரியாது. நாளைக்குப் பேரன் பிறந்தால் செம்மேட்டில் அவனைக் கொலைகாரி பேரன் என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் வந்து நூறு பேர் இல்லை என்று சொன்னாலும் நிற்காது. அச்சில் ஏறியதை அச்சுத்தான் இறக்க வேண்டும். "அடுத்த புஸ்தகத்துல இவ என்ன ஆகறான்னு உப்புக்காரரு படிக்கட்டுங்க. கேட்டுப்போட்டு நாளு வெக்கறேன்" என்றாள். ஒரு பெண்ணின் கல்யாணம் எங்கள் இதழின் இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருந்தது.

திரும்பும் வழியில் பொன்னாயி என்னிடம் ஒரு யோசனை சொன்னாள். மைனரைக் கொன்றது பக்கத்து நாட்டுப் பூசாரி என்று போட்டுவிடலாம் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு). அவன் பெயர், அடையாளம், சுழித்த காது எல்லாவற்றையும் சொல்லவும் தயாராக இருந்தாள். திருவிழாவில் யார் முதலில் பொங்கல் வைப்பது என்று இரண்டு கோயிலுக்கும் பழைய தகராறாம். அப்புறம் அவர் மகள் கல்யாணம் நின்றுபோகும், நான் மறுபடி மலையேற வேண்டும் என்றேன்.

"அவனுக்குப் பொண்ணே இல்லீங்க" என்றாள்.

முடியாது என்று நான் உறுதியாகச் சொன்ன பிறகு ஊர் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

சேலம் திரும்பியதும் முதலாளியின் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம்: முதலாளி, வரதராஜன், நான். கொலைகாரி பொன்னாயி இல்லையென்றால் வேறு யார்? மைனரின் சித்தப்பா என்றார் வரதராஜன். ஜமீன் குடும்பங்களில் பல பேர் நம் சந்தாதாரர்கள், சித்தப்பாக்கள் வருத்தப்படுவார்கள் என்றார் முதலாளி. திவான் என்றார் வரதராஜன். முதலாளியின் சம்பந்தி ஒரு ஜமீனில் திவான். டாக்டர் என்றார். டாக்டர்கள் நமக்கு விளம்பரம் கொடுக்கிறார்கள். போலீஸ் என்று வரதராஜன் சொல்லவே இல்லை. மலைக்கு வந்த சாமியார் ஒருவர் உண்டு; ஆனால் அவர்தான் மாறுவேடத்தில் இருக்கும் துப்பறிபவர் என்று முதல் பாகத்திலேயே அச்சாகிவிட்டது. வக்கீலும் சந்தாவும் இல்லாதவர்கள் அந்தக் கதையில் யாரும் மிஞ்சவில்லை.

முதலாளி பொடி போட்டுக்கொண்டார். "ஏம்ப்பா, நாலாம் அத்தியாயத்துல மைனரோட அத்தை ஒருத்தி வர்றாளே, புருஷன் இல்லாதவ. அவ பேர்ல போட்டுடு. அம்மனுக்கும் தோஷமில்ல, யாருக்கும் மனக்கஷ்டமில்ல" என்றார்.

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வரதராஜனும் பார்க்கவில்லை. என்னை நினைத்துச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. என்னை நினைக்கவே இல்லை.

"அந்தப் புரூப்பை நான் பாக்கமாட்டேங்க" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் அண்ணி வீட்டில் என் நிலைமை என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலாளி முதலில் என் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். இத்தனை நாள் பார்த்தீர்களே என்றார். பார்த்தேன், இதைப் பார்க்கமாட்டேன் என்றேன். அப்படியானால் வேறு ஆள்தான் வைக்க வேண்டும் என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டேன். நிலைப்படி வரைக்கும் போனபோது வரதராஜன் மெதுவாகக் கேட்டார்: "மலையில என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?"

"எழுதினது நீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. சர்வேக்காரருக்குக் காய்ச்சல் மறுபடி வந்துச்சான்னு கேட்டாங்க" என்றேன்.

அவர் மேஜையில் இருந்த முதல் பாகத்தை இழுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். பிறகு, "யாருமே கொல்லலைன்னு வெச்சா?" என்றார்.

முதலாளிக்குப் புரியவில்லை. வரதராஜன் தலையை நிமிர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனார். மைனர் சாகவில்லை. வேட்டைக்கு வந்தவருக்கு மலைக் காய்ச்சல் கண்டது. கூட வந்தவர்கள் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். பொன்னாயி எடுத்துப்போய்ப் பிழைக்க வைத்தாள். ஓங்கிய அரிவாள் கழுத்துக்கு இல்லை; அவர் தலைக்கு மேலே பந்தலில் தொங்கிய வாழைக்குலையை வெட்ட ஓங்கியது. துப்பறிபவர்தான் மரத்துக்குப் பின்னாலிருந்து தப்பாகப் பார்த்துவிட்டார்; நரபலி அவள் குலவழக்கம் என்பதும் கீழே யாரோ கிளப்பிவிட்ட புரளி.

துப்பறியும் நாவலில் கொலையே இல்லையென்றால் சந்தாதாரர்கள் நம்மைக் கொன்றுவிடுவார்கள் என்றார் முதலாளி. ஆனால் வேறு வழியும் இல்லை. எழுத்துக் கோப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், இதழ் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, "செண்பகம்மா, இதையாவது பாப்பீங்களா?" என்றார். பார்க்கிறேன் என்றேன்.

அந்த இரண்டாம் பாகம் போல ஒன்றை வரதராஜன் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி ஊட்டும் அத்தியாயத்தில் பிழை பார்க்கும்போது நான் இரண்டு இடத்தில் ஒற்றெழுத்தைக் கோட்டைவிட்டேன். அண்ணன் கொடுத்த உத்தரவாதம் அன்றைக்குப் பொய்த்தது.

சந்தாதாரர்கள் கொதித்துப்போனார்கள். கொலையைக் காட்டி ஏமாற்றிவிட்டீர்கள், இதற்கா ஒரு மாதம் காத்திருந்தோம் என்று கடிதங்கள் குவிந்தன. பூசாரிச்சி நல்லவளாக இருந்தால் கோயிலை எதற்குக் காட்டில் கட்ட வேண்டும் என்று ஒருவர் நியாயம் கேட்டிருந்தார். முதலாளி பாடம் கற்றுக்கொண்டார். மறுமாத நாவலில் கொலைகள் தாராளமாக நடந்தன. கோயில் மட்டும் பர்மாக் காட்டுக்கு மாறியிருந்தது. அங்கிருந்து யாரும் களி கட்டிக்கொண்டு நடந்து வர முடியாது.

மலையில் அது வேலை செய்தது. உப்புக்காரர் செம்மேட்டில் இரண்டாம் பாகத்தைப் படித்து முடித்ததும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். நல்லம்மாள் அங்கேயே நாள் குறித்துவிட்டாள். வியாபாரப் பங்காளியின் கை காலுக்காகச் சேவல் கொண்டுவந்தவர்கள் நின்றுபோனார்கள். அம்மன் மறுபடி வருஷத்துக்கு ஒரு கோழிக்குத் திரும்பினாள். இதில் பொன்னாயிக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்ததாக எனக்குப் பட்டது.

கல்யாணத்துக்கு என்னைக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். அண்ணனோடு போனேன். வரதராஜன் வரவில்லை, ஒரு புதுச் சேலை கொடுத்தனுப்பினார், யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றார். நான் சர்வேக்காரர் கொடுத்தார் என்று மட்டும் சொன்னேன். பொன்னாயி அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

மணப்பந்தலில் எல்லோரும் மஞ்சள் அரிசி போட்டு வாழ்த்தும் நேரம் வந்தது. பழக்கம் யாரும் சொல்லாமலே காலை நகர்த்தும். நான் கூட்டத்தை விட்டு விலகிப் பின்னால், அடுப்பு மூட்டியிருந்த பக்கம் போய் நின்றுகொண்டேன். சேலத்தில் இந்த நேரத்தில் என்னைத் தேடுகிறவர்கள் இருக்கமாட்டார்கள். நல்லம்மாள் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, இங்க என்ன பண்றீங்க?"

என் புடவையைக் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்குப் புருஷன் இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

"பொன்னாயிக்குந்தான் இல்லை. அவதான அங்க முன்னால நிக்கறா" என்றாள். "வாங்க, அரிசி தீரப்போகுது."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பொன்னாயி என் கையில் அரிசியைக் கொட்டினாள். பெண்ணும் மாப்பிள்ளையும் குனிந்தார்கள். பழக்கமில்லாமல் போட்டதில் அரிசி பாதி தரையில்தான் விழுந்தது. யாரும் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. கோழிகள் பொறுக்கிக்கொண்டன.

ஊருக்குத் திரும்பியதும் முதலாளியிடம் கல்யாணத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். அடுத்த ஏதாவது ஒரு நாவலில் இப்படி ஒரு கல்யாணத்தைச் சேர்க்கச் சொல்லலாமே என்றும் சொன்னேன். அவர் மூக்குப்பொடி மட்டையை மூடி வைத்துவிட்டு, முழுவதையும் அக்கறையாகக் கேட்டார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. பிறகு தலையை ஆட்டினார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா போட முடியாது. நரபலின்னா நம்புவாங்க. இதை யார் நம்புவாங்க?"